பழகிய படங்களில் ஓரத்து முகங்கள்

புதுப்படத்துக்கு முதல் நாளே விமர்சனம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இது வருடக்கணக்கில் வீட்டில் புழங்கிய படங்களைப் பற்றியது. தூர்தர்ஷனின் ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் ஆரம்பித்து விசிடி, டிவிடி, இப்போது செல்போன் என்று என்னோடு கூடவே வந்த படங்கள். கதை தெரியும், வசனம் மனப்பாடம், பாட்டு எங்கே வரும் என்றும் தெரியும். அப்புறமும் சில படங்கள் உட்கார வைக்கின்றன, சில படங்களைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போய்விடுகிறேன். நாயகனை முதல் தடவையிலேயே பார்த்து முடித்துவிடுகிறோம். அவருக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளுக்கும் இயக்குநர் ஒரு வாழ்க்கையைக் கொடுத்திருந்தால்தான் அந்தப் படம் எனக்கு நீடித்து உழைக்கிறது.

எங்கள் வீட்டில் அதிகம் ஓடியது 'காதலிக்க நேரமில்லை'. 1964-இல் ஸ்ரீதர் எடுத்தது. நாகேஷ் தன் அப்பா பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' செல்லப்பாவாக வரும் நாகேஷ் எல்லாச் சத்தத்தையும் வாயாலேயே கொடுப்பார். ஆரம்பத்தில் கண் நாகேஷிடம்தான் நிற்கும். அடுத்த முறை அவரை விட்டுவிட்டு, பாலையாவை மட்டும் பாருங்கள். அந்த நேரத்தில் அவருக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி வசனம் கிடையாது. மகன் என்னத்தைச் சொல்லிவிடப் போகிறான் என்ற அலட்சியத்தில்தான் உட்கார்ந்திருப்பார். பிறகு கண் விரிகிறது, மூச்சு மாறுகிறது, பயம் படிப்படியாக முகத்தில் ஏறுகிறது. நாகேஷ் சொல்வதில் கதை என்று ஒன்றுமே இல்லை. பாலையா அதை நம்புகிறார், அதனால்தான் நாம் சிரிக்கிறோம். கேட்கிறவர் நன்றாகக் கேட்டால்தான் சொல்கிறவர் பெரிய கலைஞராகத் தெரிவார் என்பதை நடிக்க வருகிற பிள்ளைகளுக்குக் காட்ட, இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

அதே பாலையாதான் 1968-இல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் தவில் வித்துவான் முத்துராக்கு. சிவாஜிக்குப் பின்னால் ஒலிக்கிற நாதஸ்வரம் மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களுடையது. எந்த நல்ல ஸ்பீக்கரில் கேட்டாலும் சிலிர்க்கிறது. மதன்பூர் மகாராஜா விவகாரம் வருகிற பகுதி மட்டும் எனக்கு இப்போது நீளமாகப் படுகிறது. அதைத் தாங்கிக்கொள்ள முடிவது மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணியால். இந்தச் சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருகிறதா, எல்லா நாயனத்திலும் வருமா என்று கேட்பாரே, அதில் கிண்டலே இல்லை. நாடகக்காரி ஒருத்தி சக கலைஞனிடம் வெள்ளந்தியாகக் காட்டும் மரியாதை அது. சிவாஜி நடித்த சிக்கல் சண்முகசுந்தரத்தின் கோபத்தையும் கர்வத்தையும் எல்லாரும் பேசுகிறோம். அந்த ஆளிடம் இருக்கிற கனிவு வெளியே வருவது இந்தப் பெண்ணிடம் பேசும்போதுதான்.

'முள்ளும் மலரும்' பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். மகேந்திரனின் முதல் படம், 1978. ஒளிப்பதிவு பாலுமகேந்திரா, இசை இளையராஜா. விஞ்ச் (மேட்டில் கயிற்றால் இழுக்கும் வண்டி) ஆபரேட்டர் காளியாக ரஜினிகாந்த். கை போன பிறகும் வீம்பு போகாத மனிதன். கடைசியில் இன்ஜினியரைப் பார்த்து, இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் தங்கையை ஒப்படைக்கிறான். காளி திருந்தவில்லை, அவன் மனசு நிறைந்தது, அவ்வளவுதான். வேறு ஒருவர் எடுத்திருந்தால் அங்கே காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வைத்திருப்பார்.

ஆனால் பார்க்கப் பார்க்க எனக்குக் காளியின் மனைவியாகிற மங்காதான் பெரிதாகிக்கொண்டே போகிறாள். படாபட் ஜெயலட்சுமி நடித்த அந்தப் பெண், அம்மாவோடு பிழைப்புத் தேடி அந்த ஊருக்கு வந்தவள். சாப்பாடு என்றால் உயிர். 'நித்தம் நித்தம் நெல்லுச் சோறு' என்று வாணி ஜெயராம் குரலில் அவள் பாடுவது முழுக்கச் சோறும் குழம்பும்தான். அந்தக் காலத்துப் படங்களில் பெண்ணுக்கு ஆசை என்றால் காதல் ஒன்றுதான். இங்கே ஒருத்தி பசியைப் பாடுகிறாள், வாய் ஊற ஊறப் பாடுகிறாள். அவள் எவ்வளவு பட்டினி கிடந்திருப்பாள் என்று படம் தனியாக ஒரு காட்சி வைத்து அழவில்லை. அந்தப் பாட்டே போதும். பின்னால் காளியின் தங்கை வள்ளியின் கல்யாண விஷயத்தில் கணவனின் வீம்பை மீறி அவள் நாத்தனார் பக்கம் நிற்கும்போது, 'இவளா இப்படி' என்று நமக்குத் தோன்றவே தோன்றாது.

'வீடு' படத்தை நான் கடன் வாங்கி வீடு கட்டப்போகிற எல்லாரிடமும் பார்க்கச் சொல்வேன். 1988-இல் வந்த பாலுமகேந்திரா படம். பாட்டே கிடையாது. 1986-இல் வெளியான தன் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்திலிருந்துதான் இளையராஜா இதற்கு இசையைக் கொடுத்தார். சுதாவாக அர்ச்சனா. தேசிய விருது வாங்கிக்கொடுத்த நடிப்பு. மனையில் கோடு போடுவதில் தொடங்கி பிளான் அப்ரூவலுக்கு லஞ்சம், லோனுக்கு அலைச்சல், கான்ட்ராக்டர் பண்ணும் தில்லுமுல்லு என்று ஒன்று விடாமல் இருக்கிறது. இன்றைக்கு வீடு கட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், தொகைதான் மாறியிருக்கும்.

இதில் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், கட்டி முடியாத வீட்டைத் தனியாகப் போய்ப் பார்க்கிற காட்சி பலருக்கும் தெரிந்தது. பூசாத சுவரை அவர் கையால் தடவுவதைப் பார்த்துக் கலங்காதவர்கள் குறைவு. நான் சொல்ல வந்தது மங்கம்மாவைப் பற்றி. 'பசி' சத்யா நடித்த சித்தாள். கான்ட்ராக்டர் சிமெண்டைத் திருடுகிறான் என்று சுதாவிடம் சொல்வது அவள்தான். சொன்னால் அவள் கூலிக்கும் ஆபத்து என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கான்ட்ராக்டர் கோபித்துக்கொண்டு போன பிறகு அவளும் கொத்தனாரும் சேர்ந்துதான் வேலையை நகர்த்துகிறார்கள். படத்தின் பெயர் 'வீடு', அதைக் கட்டுகிறவளுக்கு அதில் ஒரு மூலைகூடக் கிடையாது. பாலுமகேந்திரா இதை யாருடைய வாயாலும் சொல்ல வைக்கவில்லை. அவள் தலையில் சட்டியோடு போகிறாள், வருகிறாள், நாமே புரிந்துகொள்கிறோம்.

'நாயகன்' (1987) ஒருபோதும் என்னை ஏமாற்றியதில்லை. கமல்ஹாசனின் நடிப்பு, பி.சி.ஸ்ரீராமின் ஒளிப்பதிவு, தோட்டா தரணியின் கலை மூன்றுக்குமே தேசிய விருது கிடைத்தது. தாராவிக்குப் பெரும்பகுதி சென்னையில்தான் செட் போட்டார்கள் என்பதை இப்போது பார்த்தாலும் நம்ப முடிவதில்லை. நாளைக்குக் கணக்குப் பரீட்சை, சீக்கிரம் விட்டுவிடுங்கள் என்று விலைமாதர் விடுதியில் சரண்யா கேட்கும் இடத்தில் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. ஆனால் முடிவு தெரிந்துகொண்டு பார்க்கிறவருக்கு இந்தப் படத்தின் அச்சு அஜித் கேல்கர்தான். வேலு நாயக்கர் கொன்ற இன்ஸ்பெக்டரின், மனவளர்ச்சி குன்றிய மகன். டினு ஆனந்த் நடித்தது. அவன் குடும்பத்துக்கு வேலுவே பணம் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறார். முதல் தடவை அது அவருடைய நல்ல மனசுக்கு ஒரு சான்றாகத் தெரியும். முடிவில் வேலுவைச் சுடுவது அவன்தான் என்று தெரிந்த பிறகு அந்தப் பையன் திரையில் வரும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும். நாலு பேருக்கு உதவினாலும் கொலை கொலைதான் என்கிற கணக்கை மகள் சாருமதி வார்த்தையால் சொல்கிறாள், இவன் சொல்லாமலே நிற்கிறான்.

'அன்பே சிவம்' (2003) பற்றி எனக்குக் குறை உண்டு. வெளியானபோது ஓடாத படம், பின்னால் எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். மாதவன் ரத்தம் கொடுத்த சிறுவன் பிழைக்காமல் போகும் இடம் எனக்கும் மிகப் பிடிக்கும். மாதவன் அங்கே உடைந்து அழுவதில் பொய்யே இல்லை. ஆனால் நாசரின் கந்தசாமி படையாச்சி எத்தனை தடவை பார்த்தாலும் அதே ஆள்தான். பக்தியும் சுரண்டலும் சேர்ந்த ஒரு முதலாளி, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எதிராளிக்கும் ஒரு வீடும் ஒரு பயமும் கொடுத்திருந்தால் கமல் நடித்த நல்லசிவத்தின் பேச்சுக்கு இன்னும் எடை வந்திருக்கும். அதனால் இதை முழுசாகப் போடுவதில்லை, பிடித்த பகுதிகளை மட்டும் பார்க்கிறேன்.

'ஆரண்ய காண்டம்' (2011) நேர் எதிர். தியாகராஜன் குமாரராஜாவின் முதல் படம். அடிதடிக் கூட்டங்களுக்கு நடுவில் கொடுக்காப்புளி என்ற பையனும், நொடித்துப்போன அவன் அப்பா காளையனும். குரு சோமசுந்தரம் அந்த அப்பாவை நம் தெருவில் பார்த்த ஆளாகவே ஆக்கிவிட்டார். உனக்கு அப்பாவை ரொம்பப் பிடிக்குமா என்று கேட்டால், அப்படியெல்லாம் இல்லை, ஆனால் அவர் என் அப்பா என்கிறான் பையன். பாசத்தைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசிய வசனம் நம் சினிமாவில் அபூர்வம். கெட்ட வார்த்தை நிறைய இருப்பதால் வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்து பார்க்கிற படம் இல்லை.

புதிதாக இந்த வரிசையில் சேர்ந்தது லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018). ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமியின் கதை. ஆனால் மலையேறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கிறது. தேனி ஈஸ்வரின் கேமரா அவர்களோடு நடக்கிறது. செல்போனில் தயவுசெய்து பார்க்காதீர்கள், மலை சுருங்கிப்போகும்.

பிரதிகள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'வீடு' மாதிரிப் படங்களுக்கு இணையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் மங்கிப்போனவை. இயற்கை வெளிச்சத்தில் எடுத்த படத்தை வெளிறிய நிறத்தில் பார்ப்பது அந்த ஒளிப்பதிவாளருக்குச் செய்கிற அநியாயம். தமிழ்ப் படங்களைப் பாதுகாக்க ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று பாலுமகேந்திரா வற்புறுத்திக்கொண்டே இருந்தார். 2014-இல் போய்விட்டார். சொக்கலிங்க பாகவதரையே நாயகனாக வைத்து அவர் எடுத்த 'சந்தியா ராகம்' படத்தைத்தான் அடுத்து நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறேன். சுத்தமான பிரதி யாரிடமாவது இருந்தால், எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள்.