மூன்று வருஷமாகக் குப்புற விழும் பை

குடியாத்தத்தில் இருக்கும் சித்தி மகள் போன வாரம் போன் செய்தாள். "அண்ணா, நீ மார்க்கெட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போவியே, அந்தச் சக்கரப் பை, ஆஃபர்ல 999 போட்டிருக்கான். வாங்கட்டுமா?" 2022-ல் நான் அதே பையை 1,450 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அந்த வயிற்றெரிச்சலில் "வாங்காதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது: அன்று காலைதான் அந்தப் பைக்கு 180 ரூபாய் செலவழித்துச் சக்கரம் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். வேண்டாத பொருளுக்கு யாராவது வைத்தியம் பார்ப்பார்களா? சரி, விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

எத்தனை லிட்டர், என்ன துணி, எப்படி மடியும் என்பதெல்லாம் விற்கிறவனே போட்டிருக்கிறான். 30 கிலோ தாங்கும் என்பதை மட்டும் நம்ப வேண்டாம். 18 தாண்டினால் கம்பி முனக ஆரம்பிக்கிறது. டவுன் பஸ் படியில் ஏற்றுவதற்கு இன்னொரு ஆள் வேண்டும். தையல் நல்ல தையல், ஒரு இடத்திலும் பிரியவில்லை.

என் சண்டை ஒன்றே ஒன்றுதான். இந்தப் பை நிற்காது.

பின்னால் இரண்டு சக்கரம், முன்னால் விரல் கனத்தில் இரண்டு குட்டைக் கால். காலிப் பை ஜம்மென்று நிற்கும். பாதி நிரம்பியதும் துணி முன்பக்கம் தொப்பை போடும். பாரம் அந்தக் கால்களைத் தாண்டிப் போனதும் மெதுவாக, யாரையோ கும்பிடுகிற மாதிரி, முகம் குப்புறச் சாயும். பர்ஸ் எடுக்கக் கையை விட்டால் சாயும். சில்லறை எண்ணும்போது சாயும். வேலூர் நேதாஜி மார்க்கெட் சந்துக்குள் அது விழுந்தால் பின்னால் வருகிறவர் கால் அதன் மேல்தான். எத்தனை பேரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

வாங்கிய முதல் ஞாயிறு அம்மாவும் நானும் போனோம். அம்மாவுக்கு எப்போதும் தக்காளிதான் முதலில். இரண்டு கிலோ தக்காளி, அதற்கு மேல் ஐந்து கிலோ வெங்காயம், அப்புறம் எண்ணெய். எண்ணெய்க்குக் காசு கொடுக்கும்போது பை விழுந்தது. வீட்டில் திறந்து பார்த்தால் ரசத்துக்குப் பாதி வேலை முடிந்திருந்தது.

அதற்கு முன்னால் எங்கள் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2019 ஜனவரியில் கேரி பேக் தடை வந்ததிலிருந்து வீட்டில் கட்டைப்பை குவிந்து கிடந்தது. ஆளுக்கு இரண்டைத் தூக்கிக்கொண்டு போவோம். அம்மா ஒரு பக்கம் இழுப்பார், நான் ஒரு பக்கம். விட்டுப்போன கொத்தமல்லிக்காகத் திரும்ப உள்ளே போவோம். மே மாதத்து வேலூர் வெயிலில் ஒன்பது மணிக்கே தலை கொதிக்கும். வீட்டுக்கு வரும்போது இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டோம். வீட்டில் ஐந்து பேருக்கு ஒரு வாரச் சாமான். அதற்கு இரண்டரை மணி நேரமும் ஒரு சண்டையும் ஆகும்.

ரசம் சம்பவத்துக்கு அப்புறம் வேறு வழியில்லாமல் வரிசை மாறியது. முதலில் மண்டித் தெரு: அரிசி, பருப்பு, எண்ணெய். அடுத்தது வெங்காயம், உருளைக்கிழங்கு. பிறகு மற்ற காய். தக்காளியும் கீரையும் கடைசி. அம்மா சீட்டு எழுதும் விதமே மாறிவிட்டது. காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் கீழிருந்து மேலே எழுதுகிறார்: அடியில் அரிசி, உச்சியில் கொத்தமல்லி. "பை மாதிரியே இருக்கட்டும்பா, இல்லன்னா நீ மறந்துடுவே." சீட்டில் விரலைக் கீழே வைத்து மேலே ஏற்றிக்கொண்டே போனால் பையும் அதே கணக்கில் நிரம்புகிறது. ஒரு தெருவுக்கு இரண்டாம் தடவை போவதில்லை. ஒன்றேகால் மணி நேரத்தில் வீடு. சண்டை போடுவதற்குச் சந்தர்ப்பமே வருவதில்லை.

செய்தவன் இதையெல்லாம் யோசித்தா செய்தான்? கால் நீளத்தில் இரண்டு அங்குலம் மிச்சம் பிடித்தான், அவ்வளவுதான். அவனுக்கு நன்றி சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கத்தரிக்காய் கதை தனி. எங்கள் வீட்டில் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்தான் வாங்குவோம். வேலூர் முள்ளு கத்தரி என்று 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதுதான். காம்பிலும் காயின் குல்லாயிலும் முள் இருக்கும். முள் இல்லாவிட்டால் அம்மா கையாலேயே தொடமாட்டார். பத்து நிமிஷத்தில் வீட்டுக்கே வரும் என்று என் மகன் போனை நீட்டினால், "முள்ளைப் போன்ல தொட முடியுமா?" என்பார். அந்த முள் ஒரு நாள் தோசை மாவுப் பாக்கெட்டைக் குத்திவிட்டது. பைக்குள் புளித்த வாசனை மூன்று வாரம் போகவில்லை. அன்றிலிருந்து கத்தரிக்காய்க்குத் தனி மஞ்சப்பை, கைப்பிடியில் தொங்கும். அப்போதுதான் கவனித்தேன்: பின்னால் ஒன்றரை கிலோ கத்தரிக்காய் தொங்கினால் பை விழாமல் நிற்கிறது! மூன்று வருஷத்தில் என் ஒரே கண்டுபிடிப்பு இது. இழுத்துக்கொண்டு நடக்கும்போது கெண்டைக்காலில் முள் குத்தும், அது வேறு விஷயம்.

போன மாதம் இடது சக்கரத்தின் ரப்பர் கழன்றது. விற்றவர்களுக்குப் போன் செய்தேன். சக்கரம் மட்டும் தனியாகத் தருவதில்லையாம், புதுப் பை வாங்கிக்கொள்ளலாமாம். வேலூர் சைதாப்பேட்டையில் ஒரு சைக்கிள் கடைக்கு இழுத்துப் போனேன். பாய் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, குழந்தைகள் சைக்கிளுக்கு மாட்டும் பேலன்ஸ் வீல் இரண்டை எடுத்துப் போட்டார். பழைய சக்கரத்தைவிட அரை அங்குலம் பெரிது. பின்பக்கம் உயர்ந்ததில் பை இன்னும் முன்னால் குனிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கைத்தடிக்குப் போடுகிற ரப்பர் புஷ் இரண்டை அந்தக் குட்டைக் கால்களில் செருகி ஒரு தட்டு தட்டினார். "இன்னா சார், வயசானா எல்லாருக்கும் கோல் வேணும்ல?" கூலியோடு 180.

அதற்கப்புறம் ஒரே ஒரு ஞாயிறுதான் போயிருக்கிறேன். ஒரு தடவைதான் விழுந்தது, அதுவும் கறிவேப்பிலைக்காக முன் ஜிப்பைத் திறந்தபோது. கடகட சத்தமும் இப்போது இல்லை. இருந்தாலும் ஒரு கை இன்னும் கைப்பிடியை விட்டு வர மறுக்கிறது.

ஐந்துக்கு இரண்டு கொடுக்கிறேன். நிற்கத் தெரியாத பைக்கு அதுவே ஜாஸ்தி. தங்கச்சி, 999 என்ன, 500-க்குக் கொடுத்தாலும் வாங்காதே. ரொம்ப ஆசையாக இருந்தால் என்னுடையதை ஒரு வாரம் எடுத்துப் போய்ப் பார். சனிக்கிழமை ராத்திரிக்குள் திருப்பிக் கொண்டு வந்துவிடு.