கல் உருட்டும் டிரம்: அச்சிடுவதா, பிவிசி குழாயை வெட்டுவதா?

அகேட், ஜாஸ்பர் போன்ற கற்களை மெருகேற்றும் ரோட்டரி டம்ளரை, அதாவது கல்லையும் தேய்ப்புத் தூளையும் தண்ணீரையும் டிரம்மில் போட்டு நாள்கணக்கில் உருட்டும் கருவியை, 3டி பிரிண்டர் வைத்திருப்பவர்கள் தாராளமாக வீட்டிலேயே செய்யலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சட்டகம், பேரிங் தாங்கி, டிரம்மைச் சுழற்றும் ரோலர் எல்லாவற்றையும் அச்சிடுங்கள், கல் போடும் டிரம்முக்குக் குழாய்தான் சரி.

காரணம் தேய்ப்புத் தூள். அதன் எண் கூடக் கூட தூள் நுண்மையாகும். முதலில் 60/90 கார்போரண்டம் (சிலிக்கான் கார்பைடு), பிறகு 120/220, அடுத்து 500, கடைசியில் அலுமினியம் ஆக்ஸைடு பாலிஷ். ஒவ்வொரு கட்டமும் இரவு பகலாகச் சுமார் ஒரு வாரம் ஓடும். அச்சிட்ட டிரம்மின் உட்சுவரை நகத்தால் வருடினால் வரிவரியாகத் தட்டும். முதல் கட்டத்துக் கரடுமுரடான தூள் அந்த வரிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் ஒன்றிரண்டு துகள் தங்கிவிடும். பாலிஷ் ஓடும்போது வெளியே வந்து கல்லின் முகத்தைக் கீறிவிடும். மூன்று வார வேலை போச்சு. அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் கசிந்து சுவருக்குள் தேங்குவது இன்னொரு தொல்லை.

அச்சிட்ட டிரம்முக்கு ஒரு பலம் உண்டு, மறுக்க மாட்டேன். உட்புறத்தை அறுகோணமாக அமைக்கலாம். வழவழப்பான வட்டக் குழாயில் கற்கள் புரளாமல் மொத்தமாகச் சறுக்கும். ஆனால் 110 மி.மீ. பிவிசி குழாயின் உள்ளே பழைய டூவீலர் ட்யூபை வெட்டி ஒட்டி, நீளவாக்கில் மூன்று நான்கு ரப்பர் பட்டைகள் வைத்தால் அந்தக் குறை தீர்ந்துவிடும். சத்தமும் நன்றாக அடங்கும்.

டிபியு என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக்கில் அச்சிட்டால் தேய்மானம் குறைவு, ஓசையும் குறைவு. வரிகள் மட்டும் அப்படியேதான் இருக்கும். அதனால் கரடுத் தூளே படாத, பாலிஷுக்கென்று ஒதுக்கிய தனி டிரம்மாக அதை வைத்துக்கொள்வது நல்லது.

மோட்டாரில் 12 வோல்ட் கியர் மோட்டார் மலிவு. ஆனால் நான்கு வாரம் நிற்காமல் ஓடினால் 670 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் அதன் கார்பன் பிரஷ் தேயும். படிப்படியாகச் சுழலும் நெமா 17 அளவு ஸ்டெப்பர் மோட்டாரில் பிரஷ்ஷே கிடையாது, வேகத்தையும் துல்லியமாக வைக்கலாம். அதை இயக்கும் டிரைவர் சர்க்யூட்டுக்கான செலவு கூடினாலும் என் ஓட்டு அதற்குத்தான். ஸ்டெப்பர் நன்றாகச் சூடேறும். வழக்கமான அச்சுப் பிளாஸ்டிக்கான பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகும் என்பதால் மோட்டார் தாங்கியை, அதைவிடச் சூடு தாங்கும் பிஇடிஜி பிளாஸ்டிக்கில் அச்சிடுங்கள்.

வேகத்தைக் கணக்குப் போட்டே முடிவு செய்யுங்கள். 42.3-ஐ டிரம் உள்விட்டத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தால் வகுத்தால், கற்கள் சுவரோடு ஒட்டிச் சுற்றத் தொடங்கும் வேகம் கிடைக்கும். 10 செ.மீ. உள்விட்டத்துக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 134 சுற்று. அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 45, கற்கள் மெல்லச் சரிந்து உராயப் போதும். 25 மி.மீ. ரோலர் 200 சுற்று சுற்றினால் 110 மி.மீ. டிரம் அந்த வேகத்துக்கு வந்துவிடும்.

ரோலருக்கு 608 பேரிங் (8 மி.மீ. துளையுள்ள சிறிய பேரிங்) போதும். டிரம் ஓட ஓடப் பக்கவாட்டில் நகரும். இரு முனையிலும் தடுப்பு அச்சிட மறக்காதீர்கள்.

எந்த டிரம் ஆனாலும் உள்ளே வாயு சேரலாம். தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து விடுங்கள். கழுவிய சேற்றை சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாயில் படிந்து சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். வாளியில் தெளியவிட்டு, அடியில் தங்கிய வண்டலைக் காயும் முன்பே ஈரத்தோடு பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். காய்ந்தால் அந்தத் தூசு நுரையீரலுக்குப் போகும்.