மான்ஸ்டைனை எதை வைத்து எழுதுவது?

ஒரு தளபதியைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் எழுத உட்கார்ந்தால், முதலில் கைக்கு அகப்படுவது அவரே எழுதிய நினைவுக் குறிப்புகள்தான். அங்கேயே நின்றுவிடுகிறோமா, தாண்டிப் போகிறோமா என்பதில் கட்டுரையின் தலையெழுத்து இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் பீல்டு மார்ஷல் எரிக் வான் மான்ஸ்டைனை எடுத்துக்கொள்கிறேன். அவரைப் பற்றி எழுத மூன்று வகை ஆதாரங்கள் உண்டு: அவருடைய சொந்த நூல், அவர்மேல் நடந்த வழக்கின் பதிவுகள், பின்னாளில் வரலாற்றாசிரியர்கள் ஆவணக் காப்பகங்களைத் துழாவி எழுதியவை. ஒவ்வொன்றையும் மட்டும் நம்பி எழுதிப் பாருங்கள், மூன்று வெவ்வேறு மனிதர்கள் வந்து நிற்பார்கள்.

நினைவுக் குறிப்பு 1955இல் ஜெர்மனில் வந்தது. 'இழந்த வெற்றிகள்' என்று தலைப்பு. 1958இல் ஆங்கிலத்தில் வந்தபோது பிரிட்டிஷ் ராணுவ எழுத்தாளர் லிடெல் ஹார்ட் முன்னுரை எழுதிப் பாராட்டினார். தமிழில் ராணுவக் கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே வருவதால், நமக்கும் இதுதான் வாசல். நூலின் பலத்தை மறுக்க முடியாது. 1940இல் ஆர்டென் காடுகள் வழியாகப் பிரான்சுக்குள் புகும் திட்டம் எப்படி உருவானது, 1943 மார்ச்சில் கார்கிவ் நகரை எப்படித் திரும்பப் பிடித்தார், ஹிட்லரோடு எங்கெங்கே முட்டிக்கொண்டார் என்பதையெல்லாம் அந்த இடத்தில் இருந்தவரின் வாயாலேயே கேட்கலாம்.

ஆனால் போர்க்களத்தைப் பற்றியே அந்த நூலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்டாலின்கிராடில் ஜெர்மனியின் ஆறாம் படை சிக்கியதற்கும் அழிந்ததற்கும் ஹிட்லரின் பிடிவாதமும் அந்தப் படையின் தளபதி பவுலஸின் தயக்கமுமே காரணம் என்பது போலத்தான் நூலைப் படித்தால் தோன்றும். 1942 நவம்பர் 24ஆம் தேதி மான்ஸ்டைன் அனுப்பிய மதிப்பீடு வேறு மாதிரி இருக்கிறது. விமானம் வழியாகத் தேவையான பொருட்கள் போய்ச் சேருமானால் ஆறாம் படை தாக்குப்பிடிக்கலாம், உடனே உடைத்துக்கொண்டு வெளியேற வேண்டியதில்லை என்ற பக்கமே அது சாய்ந்தது. தோற்ற தளபதி பதின்மூன்று வருடம் கழித்து எழுதும்போது நினைவு எந்தப் பக்கம் வளையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அதைவிடப் பெரிய இடைவெளி, போர்முனைக்குப் பின்னால் நடந்ததில் இருக்கிறது. 1941 நவம்பர் 20. கிரிமியாவில் 11ஆம் படையின் தளபதியாக மான்ஸ்டைன் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். யூத-போல்ஷெவிக் அமைப்பை (யூதர்களையும் சோவியத் கம்யூனிஸ்டுகளையும் ஒன்றாக்கி நாஜிகள் வைத்த பெயர்) ஒரேயடியாக ஒழித்துக்கட்ட வேண்டும் என்றது அந்த ஆணை. எதிரி நகரங்களில் மக்களில் பெரும்பகுதியினர் பசியில் கிடக்க வேண்டியிருக்கும், தவறான மனிதாபிமானத்தால் அவர்களுக்கு எதையும் கொடுத்துவிடக் கூடாது என்றும் சொன்னது. அடுத்த மாதமே கிரிமியாவின் சிம்ஃபெரோபோல் நகரில் 10,000க்கும் மேற்பட்ட யூதர்களை எஸ்.எஸ். அதிகாரி ஓலன்டார்ஃபின் கொலைப்படை சுட்டுக் கொன்றது. யூதர்களிடமிருந்து பறித்த கைக்கடிகாரங்களை 11ஆம் படைக்கு ஒப்படைத்தது பற்றி 1942 பிப்ரவரியில் ஓலன்டார்ஃப் எழுதிய கடிதமும் இருக்கிறது. கிரிமியாவின் செவஸ்தபோல் துறைமுக நகரத்தின் முற்றுகையைப் பக்கம் பக்கமாக விவரிக்கும் நூலில் அந்தக் கடிகாரங்களுக்கு இடமில்லை.

சரி, வழக்குப் பதிவுகளுக்கு வருவோம். 1946 ஆகஸ்டில் நியூரம்பெர்கில் நாஜித் தலைவர்கள் மீதான விசாரணையில் சாட்சியாக நின்றபோது இந்த ஆணையை அவரிடமே காட்டினார்கள். நினைவில்லை என்றார். 1949இல் ஹாம்பர்கில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் 17 குற்றச்சாட்டுகளின்மேல் அவரை விசாரித்து, 9இல் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. தண்டனை 18 ஆண்டு. பிறகு 12 ஆகக் குறைந்தது. 1953இல் வெளியே வந்துவிட்டார். இப்படித் தேதியும் எண்ணிக்கையும் கையெழுத்துமாகக் கிடைப்பதுதான் வழக்குப் பதிவின் அருமை.

அதன் பலவீனமும் அங்கேயேதான். நீதிமன்றம் தன் முன் வைக்கப்பட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். ஒரு குற்றச்சாட்டில் விடுதலை என்றால் அந்த நிகழ்ச்சியே நடக்கவில்லை என்று ஆகாது. பனிப்போர் காலத்து பிரிட்டனில் இந்த வழக்கே வேண்டாம் என்று சொன்னவர்கள் பலர். மான்ஸ்டைன் தரப்பின் வழக்குச் செலவுக்கான நிதிக்கு சர்ச்சிலே பணம் கொடுத்தார். ஆகவே முன்கூட்டிய விடுதலையை வைத்து 'குற்றம் நிரூபணமாகவில்லை' என்று எழுதுவதும் பிழை. அப்புறம், கலைக்களஞ்சியம் எழுதுபவர் நீதிமன்றத் தாள்களை நேரடியாக எடுத்துத் தானே முடிவு கட்டினால் அது சொந்த ஆய்வாகிவிடும். தாளில் உள்ளதைச் சொல்லலாம், அதற்குப் பொருள் சொல்லும் வேலை நம்முடையது அல்ல.

அதனால்தான் மூன்றாவது வகையை முதலில் வைக்கிறேன். வரலாற்றாசிரியர்கள் நினைவுக் குறிப்பையும் ஆணையையும் படை நாட்குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள். அவர்களும் தவறுவதுண்டு. ஜெர்மன் ராணுவத்தின் குற்றங்களைப் பற்றி 1995இல் ஹாம்பர்கில் தொடங்கிய கண்காட்சியில் சில படங்களின் விவரங்கள் தவறென்று தெரிந்தது. 1999இல் நிறுத்தி, திருத்தி, 2001இல் மீண்டும் திறந்தார்கள். தவறு வெளியே தெரிந்து திருத்தவும் படுகிறது என்பதே இந்த வகைக்கு நான் கூடுதல் எடை கொடுக்கக் காரணம். தளபதி தன் நூலை யாரிடம் காட்டித் திருத்தினார்?

நடுநிலை என்றால் பாராட்டுக்குப் பாதி, குற்றத்துக்குப் பாதி என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவே இல்லை. நம்பகமான ஆய்வு எதற்கு எவ்வளவு எடை தருகிறதோ, கட்டுரையும் அவ்வளவு தர வேண்டும். அதே நியாயம் மறுபக்கத்துக்கும் பொருந்தும். அந்த நவம்பர் ஆணையிலேயே உள்ளூர் மக்களிடம் அத்துமீறக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. குற்றத்தை மட்டும் மேற்கோள் காட்டி அதை விட்டுவிட்டால் நாமும் அவர் செய்ததையே செய்கிறோம்.

தமிழில் இன்னொரு சிக்கல், சொற்கள். 'செவஸ்தபோலை மீட்டார்' என்று எழுதினால் அந்த நகரம் ஏற்கெனவே அவருடையது போல ஆகிவிடுகிறது. 'கைப்பற்றினார்' போதும். 'யூதர்கள் கொல்லப்பட்டனர்' என்று எழுதினால் கொன்றவர் காணாமல் போகிறார். 'மாவீரர்', 'போர்க்கலை மேதை' ஆகியவை யாரோ ஒருவருடைய கருத்து, அந்த யாரோவின் பெயர் பக்கத்தில் இருக்க வேண்டும். நினைவுக் குறிப்பிலிருந்து எடுத்த ஒவ்வொரு வரியும் 'என்று மான்ஸ்டைன் எழுதுகிறார்' என்று முடியட்டும்.

கட்டுரையின் ஓரத்தில் வரும் சுருக்கத் தகவல் பெட்டியான தகவற்சட்டத்தில் பதக்கங்களுக்கு ஒரு வரி போதும். முதல் பத்தியை நான் இப்படி எழுதுவேன்: 'எரிக் வான் மான்ஸ்டைன் (1887–1973) ஜெர்மன் பீல்டு மார்ஷல். 1940இல் பிரான்ஸ் மீதான படையெடுப்புத் திட்டத்துக்கு அடிப்படை வகுத்தவர். கிரிமியாவில் 11ஆம் படைக்குத் தலைமை தாங்கினார். 1949இல் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் அவரைப் போர்க்குற்றவாளி என்று தீர்ப்பளித்து 18 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.'