பிஜி 2 பருத்தி விதை பாக்கெட்: நாலு ஏக்கர்ல போட்டுப் பாத்தவன் சொல்றேன்

மொதல்லயே சொல்லிடுறேன், அஞ்சுக்கு மூணு ஸ்டார். பிஜி 2ன்னா போல்கார்ட் 2, காய்ப்புழுவ கொல்ல ஒரு பாக்டீரியாவுல இருந்து எடுத்த ரெண்டு ஜீன் வச்ச பிடி பருத்தி. கம்பெனி பேர் கேக்காதீங்க, பாக்கெட் மேல பேரும் படமும்தான் மாறுது, உள்ள இருக்குற ரெண்டு ஜீன் முக்காவாசி பாக்கெட்ல ஒண்ணுதான்.

நமக்கு பெரம்பலூர் பக்கம், கரிசக்காடு, மானாவாரி. 2024ல ஆவணி மழைய பாத்து விதைச்சது. 475 கிராம் பாக்கெட், அரசாங்கம் போட்ட உச்ச விலை 864 ரூவா, கடைக்காரர் 950 வாங்குனாரு, பில் கேட்டா "ஸ்டாக்கே இல்லண்ணே, வேணாம்னா வச்சிட்டுப் போங்க"ங்குறாரு, என்ன பண்றது மழை போயிடுமேன்னு வாங்கிட்டு வந்தாச்சு. முளைப்பு நல்லா இருந்துச்சு, அதுல குறை சொல்ல மாட்டேன்.

பச்சைக் காய்ப்புழு விஷயத்துல முழு மார்க். எங்கப்பா காலத்துல வாரத்துக்கு ஒரு தடவை மருந்தடிச்சும் சப்பை, அதாவது பூ மொட்டு, கொட்டும், காய்க்குள்ள தலைய விட்டுட்டு ஒடம்ப வெளிய நீட்டிக்கிட்டு புழு நிக்கும், நானே பாத்திருக்கேன். 2002ல ஒரு ஜீன் வச்ச பிடி பருத்தி வந்து 2006ல பிஜி 2 வந்த பிறகு அந்தக் காட்சி ஏறக்குறைய போயிடுச்சு. செடியே ஒரு புரதத்த உண்டாக்குது, புழு இலைய தின்னா அதோட வயித்துல இருக்குற காரத்துல அது கரைஞ்சு குடல் சுவத்துல ஒட்டி ஓட்டை போட்டுடும், அவ்ளோதான். அந்தப் புரதம் ஒட்டுறதுக்கான இடம் இந்தப் புழு வகைங்க குடல்லதான் இருக்கு, பொறிவண்டுக்கோ சிலந்திக்கோ தேனீக்கோ நமக்கோ கிடையாது.

இதனால நம்ம ஆளுங்களுக்கு ஒரு தப்பான நம்பிக்கை, பிடி போட்டா பூச்சியே வராதுன்னு. அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி இதெல்லாம் சாறு உறிஞ்சுறது, இதுங்கள அந்தப் புரதம் ஒண்ணும் செய்யாது. விதை மேல கலர் கலரா பூசியிருக்குற மருந்து ஒரு முப்பது நாப்பது நாள் காப்பாத்தும், அப்புறம் நீங்களாச்சு அதுங்களாச்சு.

இந்த நாப்பதாவது நாள் கதைதான் சொல்ல வந்தது. இலைய திருப்புனா அடியில அசுவினி அப்பிக்கிடக்கு, இலை பிசுபிசுன்னு இருக்கு. கடைக்குப் போனா மூணு டப்பாவ எடுத்து வச்சு "ஒண்ணா கலந்து அடிங்க"ன்னு குடுத்தாங்க. ரெண்டு ஏக்கர் அடிச்சு முடிச்சதும் ஸ்ப்ரேயர் மோட்டார் போயிடுச்சு, ரிப்பேருக்கு குடுத்தா அவர் ஊர்த் திருவிழான்னு கடைய பூட்டிட்டாரு, மீதி ரெண்டு ஏக்கர் அப்படியே கிடந்துச்சு. நான் வேணும்னு செஞ்ச சோதனை இல்ல, சோம்பேறித்தனமும் மோட்டாரும் சேந்து செஞ்சது.

ஒரு வாரம் கழிச்சு, மருந்தடிக்காத பக்கத்துல களை வெட்ட வந்த அக்கா ஒருத்தங்க "தம்பி இங்க வேற ஒரு புழு வந்திருக்கு"ன்னு நசுக்கிட்டு இருந்தாங்க. போய்ப் பாத்தா கறுப்பா, முதுகுல ஆரஞ்சுப் புள்ளியோட, குட்டி முதலை மாதிரி ஊந்துக்கிட்டு அசுவினிய ஒண்ணொண்ணா கவ்வித் தின்னுக்கிட்டு இருக்கு. அது பொறிவண்டோட குஞ்சுப் புழு! "ஐயோ அக்கா அது நம்ம ஆளு"ன்னு கைய புடிக்காத குறை. பக்கத்து இலையில மயிர் மாதிரி மெல்லிசா ஒரு காம்பு, அது நுனியில வெள்ளை முட்டை, அது கண்ணாடி இறக்கைப் பூச்சியோடது. இன்னொரு இலையில அசுவினி எல்லாம் பழுப்பா உப்பி செத்துக் கிடந்துச்சு, உள்ள குளவி முட்டை வச்சிட்டுப் போயிருக்கு. அடிச்ச பக்கம் ஒரு வாரம் துடைச்ச மாதிரி சுத்தமா இருந்துச்சு, பதினஞ்சு நாள்ல தத்துப்பூச்சி வந்து இலை ஓரமெல்லாம் கீழ மடங்கி சிவந்துபோச்சு, பொறிவண்டு தேடித் தேடிப் பாத்தேன், ஒண்ணு கூட கண்ணுல படல. திரும்ப மருந்து. அந்தப் பக்கம் மொத்தம் நாலு தடவை அடிச்சேன், இந்தப் பக்கம் ஒரே தடவை, அதுவும் வேப்பெண்ணெய். விதை ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், அதனால பிடியால பொறிவண்டு செத்துச்சுன்னு எவனாவது சொன்னா என் காட்டுல கொன்னது நான்தான்னு சொல்லுவேன்.

சீனாவுல இத பெருசாவே பாத்திருக்காங்க. 1997ல அங்க பிடி பருத்தி வந்ததும் காய்ப்புழுவுக்கு அடிக்கிற மருந்து குறைஞ்சுது, அதுவரைக்கும் அந்த மருந்துல சேந்து செத்துக்கிட்டிருந்த மிரிட் நாவாய்ப்பூச்சி பெருகி ஆப்பிள், திராட்சைக்கெல்லாம் போயிடுச்சு. 2010ல வந்த ஆய்வு அது. ரெண்டு வருஷம் கழிச்சு அதே குழு 36 இடத்துக் கணக்க வச்சு பொறிவண்டு, கண்ணாடி இறக்கை, சிலந்தி மூணும் கூடியிருக்கு, அசுவினி குறைஞ்சிருக்கு, பக்கத்து மக்காச்சோளம் கடலை சோயா காட்டுக்கும் இந்த நல்ல பூச்சிங்க போயிருக்குன்னு சொன்னாங்க. மருந்து குறைஞ்சதுல ஒரு கெட்டது, ஒரு நல்லது, ரெண்டும் சேந்தே வந்துச்சு.

பிடி செடியால பட்டாம்பூச்சி சாகுதுன்னு வாட்ஸாப்புல சுத்துற மெசேஜ் பத்தி ஒரு வார்த்தை. 1999ல அமெரிக்காவுல பிடி மக்காச்சோள மகரந்தத்த எருக்கு இனத்துச் செடி இலையில தூவி மோனார்க்ங்குற பட்டாம்பூச்சியோட புழுவுக்குக் குடுத்தா சாகுதுன்னு லேப்ல காட்டுனாங்க, நெசம்தான். 2001ல வயல்ல போய் அளந்தப்போ அவ்ளோ மகரந்தம் இலையில படுறதே அபூர்வம்னு தெரிஞ்சுது, ஒரே ஒரு ரகத்துல மட்டும் விஷம் ஜாஸ்தி, அதையும் சந்தையில இருந்து எடுத்துட்டாங்க. பருத்தி மகரந்தம் கனமா ஒட்டுற மாதிரி இருக்கும், காத்துல பறக்கவும் பறக்காது.

இனி ரெண்டு ஸ்டார் போன காரணம், இளஞ்சிவப்புக் காய்ப்புழு. மார்கழியில பூவெல்லாம் விரியாம இதழ் ஒட்டிக்கிட்டு ரோஸ் மொட்டு மாதிரி நின்னுச்சு, பிரிச்சா உள்ள புழு. காய் வெளிய பாக்க பளபளன்னு இருக்கு, பொளந்தா விதைக்குள்ள ரோஸ் கலர்ல சுருண்டுக்கிட்டு படுத்திருக்கு. மொத ஜீனுக்கு இது பழகிடுச்சுன்னு 2010லயே குஜராத்துல சொல்லிட்டாங்க, அப்புறம் ரெண்டாவதுக்கும் பழகிடுச்சு. நம்ம நாட்டுல வீரிய ஒட்டு ரகமா (ரெண்டு ரகத்த கலப்பு செஞ்ச விதையா) விக்கிறதும் ஒரு காரணம், செடி முழுக்க ஜீன் இருந்தாலும் காய்க்குள்ள விளையுற விதையில நாலுல ஒண்ணுல ஒரு ஜீன் இருக்காது, ரெண்டுமே இல்லாத விதை பதினாறுல ஒண்ணு. இந்தப் புழு தின்னுறதே விதையத்தான், கொஞ்சங்கொஞ்சமா விஷத்த ருசி பாத்து பழக நாமளே பந்தி வச்ச மாதிரி ஆச்சு. முன்னாடியெல்லாம் ஓரத்துல நட பிடி இல்லாத விதை 120 கிராம் தனியா குடுப்பாங்க, பழகாத புழு கொஞ்சம் அங்க பொழைச்சு, அந்துப்பூச்சியாகி பழகுனதோட கூடி, அதோட குஞ்சுங்க பிடிக்குப் பழகாம இருக்கட்டும்னு. எங்கப்பா அத பரண்ல போட்டுட்டாரு, ஊருல எல்லாரும் அப்படித்தான். இப்ப பாக்கெட்டுக்குள்ளயே கலந்து வருது, தூக்கிப்போட முடியாது, அதுக்கு ஒரு சபாஷ்.

பொண்ணு பூச்சி வாசனைய காட்டி ஆண் அந்துப்பூச்சிய புடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு அஞ்சு கட்டி தினம் அந்துப்பூச்சி எண்ணுனேன், எண்ணிக்கை ஏற ஏற பயமாயிடுச்சு, தை கடைசியிலயே செடிய புடுங்கிட்டேன். பக்கத்துக் காட்டுக்காரர் இன்னும் ஒரு எடுப்பு வரும்னு மாசி முடிய விட்டுவச்சாரு, வந்தது கறை புடிச்ச கொட்டுப் பருத்தி, எடுப்புக் கூலிக்கே சரியாப்போச்சு.