பார்னெனேயா, காவ்ரினிஸா?

பிரான்சின் பிரெத்தாஞ் வட்டாரத்தில் ஒரேயொரு புதிய கற்காலக் கல்லறைக்கு மட்டும் நேரமிருப்போருக்கு இந்த இரண்டும் முதன்மையானவை. மொர்லே விரிகுடாவைப் பார்த்து நிற்கும் பார்னெனே, 70 மீட்டருக்கும் மேல் நீண்ட கற்குவியலுக்குள் 11 கல்லறைகளைக் கொண்டது. 1950களில் கல்லுக்காக அதன் ஒரு பகுதி வெட்டியெடுக்கப்பட்டதால் உள்கட்டுமானம் வெளியிலிருந்தே தெரிகிறது. அந்த இழப்பு வேதனையானது.

மொர்பிஹான் வளைகுடாத் தீவான காவ்ரினிஸுக்கோ லார்மோர்-பாதெனிலிருந்து படகேற வேண்டும். வழிகாட்டியுடன்தான் பார்க்க முடியும். எனினும், ஏறத்தாழ 14 மீட்டர் நடைவழியும் அறையும் கொண்ட அக்கல்லறையின் 29 பக்கக் கற்களில் 23 கற்களை வளைகோடுகளும் கோடரி உருவங்களும் நிறைத்திருக்கின்றன. அதன் கூரைக்கல்லும், சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள லொக்மரியாகெர் கல்லறையின் கூரைக்கல்லும் ஒரே நெடுங்கல்லின் துண்டுகள் என 1980களில் கண்டறியப்பட்டது. உள்ளே நடந்தே காண முடிவதால் என் தெரிவு காவ்ரினிஸே. படகுப் பயணம் இயலாதோருக்குப் பார்னெனே பொருந்தும்.