எண்ணெய்: லிட்டரில் வாங்குவதா, கிலோவில் வாங்குவதா?

கடலை எண்ணெய் ஒரு கடையில் லிட்டர் 200 ரூபாய், எதிர்க்கடையில் கிலோ 215 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பலரும் முதல் கடைக்குத்தான் போவார்கள். ஆனால் மலிவு இரண்டாவது கடைதான்.

லிட்டர் என்பது கொள்ளளவு. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்து சென்டிமீட்டராக உள்ள ஒரு பெட்டி பிடிக்கும் அளவு. அதில் தண்ணீர் ஊற்றினால் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். லிட்டரும் கிலோவும் ஒன்றுதான் என்று மனதில் பதிந்துபோனதற்கு இந்தத் தண்ணீர்க் கணக்குதான் காரணம். (1901 முதல் 1964 வரை லிட்டரின் வரையறையே ஒரு கிலோ தண்ணீரின் கொள்ளளவுதான். அது ஆயிரம் கன சென்டிமீட்டரைவிடத் துளியூண்டு கூடுதலாக இருந்ததால் பிறகு கைவிட்டார்கள்.) எண்ணெயோ தண்ணீரில் மிதக்கிற சரக்கு. ஒரு லிட்டர் எடுத்து நிறுத்தால் 910 கிராம் சுமாருக்குத்தான் வரும். அந்தக் கணக்கில் முதல் கடைக்காரர் கிலோ 220 ரூபாய்க்கு விற்கிறார்.

ஒரு பாக்கெட்டில் இது பெரிதாகத் தெரியாது. டின்னில்தான் கடிக்கும். சந்தையில் 15 கிலோ டின்னும் உண்டு, 15 லிட்டர் டின்னும் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. 15 லிட்டரில் இருப்பது 13.65 கிலோ. ஒன்றேகால் கிலோவுக்கு மேல் வித்தியாசம். கல்யாணச் சமையலுக்கு நான்கைந்து டின் இறக்குகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும்.

லிட்டருக்கு இன்னொரு பலவீனம், சூடு. எண்ணெய் சூடானால் விரியும். சோயா எண்ணெய் ஒரு லிட்டர் 21 டிகிரியில் 919 கிராம் இருக்கும். 60 டிகிரியில் 893 கிராம்தான். சில நிறுவனங்கள் இதைச் சாக்காக வைத்து, 60 டிகிரியில் ஒரு லிட்டர் என்று பொடி எழுத்தில் அச்சிட்டுவந்தன. அடுப்பில் ஏற்றினால்தான் அந்த லிட்டர் நிறையும்! வெப்பநிலையைக் குறிப்பிடாமல் லிட்டரைப் போட வேண்டும், கூடவே எடையையும் போட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஆகஸ்டில் சொன்னது. லேபிளைத் திருத்த 2023 ஜனவரி 15 வரை அவகாசமும் கொடுத்தது. அதனால் இப்போது பாக்கெட்டைத் திருப்பி கிராமைத் தேடினால் போதும். அலகு விலை (ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிலிட்டருக்கோ என்ன விலை என்பது) என்று ஒன்று அச்சாகிறதே, அது உதவாதா? ஒரு பாக்கெட்டில் மில்லிலிட்டருக்கும் இன்னொன்றில் கிராமுக்கும் போட்டிருந்தால் உதவாது. கிலோ விலையை 0.91-ஆல் பெருக்கினால் லிட்டர் விலை வந்துவிடும். மனக்கணக்குக்குப் பத்தில் ஒரு பங்கு கழித்தாலே ஓரளவு சரி.

செக்குக் கடையில் கதை வேறு. அங்கே லிட்டர் குவளையில் ஊற்றும்போது நுரை ஏறும், அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்கும். தராசு என்றால் காலி பாட்டிலின் எடையைக் கழித்தார்களா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். என் ஓட்டு தராசுக்குத்தான். குவளைதான் என்றால் அதில் அரசு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

சமையலுக்கு மட்டும் லிட்டரே வசதி. கரண்டியும் ஸ்பூனும் கொள்ளளவுக் கருவிகள். தாளிக்கும்போது யாரும் கிராம் பார்ப்பதில்லை.

நெய்க்கும் இதே எண்ணெய்க் கணக்குதான். தேனில் எல்லாம் தலைகீழ்: ஒரு லிட்டர் தேன் 1.4 கிலோ இருக்கும். கிலோ விலைக்கே ஒரு லிட்டர் தேன் தருகிறேன் என்று யாராவது சொன்னால், சரக்கு சுத்தமானதா என்று மட்டும் பார்த்துவிட்டு உடனே பாட்டிலை நீட்டுங்கள்.