கம்பெனி செலவில் பி.இ.: பாண்ட் போடுவதா, கட்டிவிட்டுத் திரும்ப வாங்குவதா?

டிப்ளமோ முடித்துவிட்டு கோவைப் பக்கம் பம்ப், மோட்டார், காஸ்டிங் கம்பெனிகளில் சேருகிறவர்களுக்கு, மூன்று நான்கு வருடத்தில் பி.இ. நினைப்பு வந்துவிடும். 'கம்பெனியே படிக்க வைக்கும்' என்று எச்.ஆரில் சொன்னால், அது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, பல்கலைக்கழகத்தோடு பேசி கம்பெனியே ஃபீஸ் கட்டும் வார இறுதி பி.டெக், அதற்கு பாண்டில், அதாவது 'இத்தனை வருடம் வேலையை விட மாட்டேன், விட்டால் இவ்வளவு கட்டுகிறேன்' என்ற ஒப்பந்தத்தில், கையெழுத்துப் போட வேண்டும். மற்றது, நாமே பார்ட் டைம் பி.இ. சேர்ந்து, செமஸ்டர் தேறியதும் ரசீதையும் மார்க் ஷீட்டையும் காட்டிப் பணத்தைத் திரும்ப வாங்குவது. நான் இரண்டாவதில் படித்தேன். தம்பிகள் கேட்டால் அதையே சொல்வேன்.

முதல் வகையின் வசதி தெரிந்ததுதான்: கையிலிருந்து பைசா போகாது, வகுப்பு பெரும்பாலும் ஆன்லைனில் என்பதால் ஷிப்டும் இடிக்காது. இரண்டாவதில் அலைச்சல் அதிகம். ஜி.சி.டி., சி.ஐ.டி., பி.எஸ்.ஜி. போன்ற கோவை இன்ஜினியரிங் கல்லூரிகளில் பார்ட் டைம் பி.இ. என்றால் 7 செமஸ்டர், மூன்றரை வருடம், மாலை வகுப்பு. ஜெனரல் ஷிப்ட், அதாவது நிரந்தரப் பகல் வேலை, இல்லாமல் நடக்காது. அதை மேனேஜரிடம் வாய்ப்பேச்சாக விடாமல் மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் முடிவு செய்ய வேண்டிய இடம் பாண்ட்தான். அதில் முதலில் பார்க்க வேண்டியது, வருடம் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பதை. 'படிப்பு முடிந்த நாளிலிருந்து 3 வருடம்' என்று இருந்தால், படிக்கும் மூன்றரை வருடமும் சேர்ந்து ஆறரை ஆகிறது. 24 வயதில் சேர்ந்தவர் 30 தாண்டித்தான் வெளியே வர முடியும். சம்பளம் வேகமாக ஏற வேண்டிய வருடங்கள் இவை. நீங்கள் போக முடியாது என்று தெரிந்த இடத்தில் இன்கிரிமென்ட் பேச வாயெழாது.

அடுத்தது, தொகை குறைகிறதா என்பது. 3 லட்சம், 36 மாதம் என்று வையுங்கள். மாதாமாதம் குறையும் பாண்டில் 30 மாதம் முடித்தவர் 50,000 கட்டினால் போதும். குறையாத பாண்டில் அதே நாளில் முழு 3 லட்சம். என்னோடு டூல் ரூமில் இருந்த நண்பருக்கு ஓசூரில் நல்ல ஆஃபர் வந்தது. பாண்டில் 'எப்போது விலகினாலும் முழுத்தொகை' என்று ஒரு வரி இருந்ததால் அந்த ஆஃபரை அப்படியே விட்டுவிட்டார்.

'பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது' என்று கேன்டீனில் சொல்வார்கள், நம்பாதீர்கள். 3 வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் என்று விஜயா வங்கி போட்ட நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லிவிட்டது. அது வேலையில் சேரும்போது போட்ட பாண்ட், படிப்புக்கானது இல்லை. ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கேட்கலாம் என்பதும் உண்மைதான். ஆனாலும் வேலையிலிருந்து விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டர் கையில் வராமல், புது கம்பெனி காத்திருக்கும்போது, யார் அங்கே வழக்காடிக்கொண்டு இருப்பார்கள்?

திரும்ப வாங்கும் திட்டத்திலும் கயிறு உண்டு. பணம் வந்த ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்டு என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள். ஆனால் அது ஒவ்வொரு செமஸ்டருக்கும் தனித்தனியாக ஓடும். கடைசி செமஸ்டருக்கான பணம் வரும்போது முதல் இரண்டு வருடப் பணம் ஏற்கெனவே உங்களுடையது ஆகியிருக்கும். கட்ட வேண்டி வந்தாலும் ஒன்றிரண்டு செமஸ்டர் ஃபீஸ்தான். அரியர் விழுந்தால் அந்தப் பணம் வராது, அது மட்டும் வலிக்கும். கம்பெனி இந்தத் திட்டத்தையே நடுவில் நிறுத்தவும் வாய்ப்பு உண்டு. சேரும் முன்பே உங்கள் பெயரில் ஒப்புதல் கடிதம் வாங்கி வைப்பது நல்லது.

இதெல்லாம் பி.இ. அளவு ஃபீஸுக்கு நான் போட்ட கணக்கு. பல லட்சம் ஆகும் எம்.டெக்., எம்.பி.ஏ. என்றால் முதலில் நாமே கட்டவே முடியாமல் போகலாம். அங்கே பாண்டே சரியாக இருக்கும். வீட்டில் வேறு வருமானம் இல்லாதவர்களுக்கும் அப்படித்தான். அப்போதும் கையெழுத்துக்கு முன் மூன்றை எழுதிக் கேளுங்கள்: படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து கணக்கு, மாதாமாதம் குறையும் தொகை, கம்பெனியே வேலையை விட்டு அனுப்பினால் ஒன்றும் கட்ட வேண்டாம் என்ற வரி. மூன்றாவதுக்கு எச்.ஆர். தயங்கினால் அங்கேயே நிறுத்திவிட்டு ஒரு வாரம் யோசியுங்கள்.